உங்களுக்குத் தெரியுமா? தோல் வழியே ஒரு மூச்சுக் கணக்கு

2021 மே மாதக் கடைசியில், தினசரி கொரோனா எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே தாண்டிப் போனது. அந்த நாட்களில் நலம் விசாரிக்கிற வழக்கமே இங்கே மாறிப்போனது. "சாப்ட்டீங்களா?" இருந்த இடத்தில் "சாச்சுரேஷன் எத்தனைங்க இருக்குது?" வந்து உட்கார்ந்துகொண்டது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. தெருவில் ஒரு வீட்டில் இருந்தால், பத்து வீட்டு விரல்கள் அதற்குள் போய் வந்தன.

அந்தக் கருவி இன்று பல வீட்டு அலமாரிகளில் பேட்டரி தீர்ந்து கிடக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அது காட்டிய எண்ணை உயிரின் அளவாகவே நாம் நம்பினோம். உண்மையில் அது பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதிப் பாதியைக் குத்தாமல், கீறாமல் தோலிடமே கேட்டு வாங்கும் கருவிகளும் உண்டு. ஐசியூ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் இதைப் பற்றியே.

✦

விரலில் மாட்டும் கிளிப்புக்குள் இரண்டு விளக்குகள் இருக்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, சுமார் 660 நானோமீட்டர். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940 நானோமீட்டர். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பு ஒளியைத் தாராளமாக விடும், அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஆக்சிஜன் இறங்கிய ரத்தம் நேர்மாறு. நகமும் எலும்பும் சதையும் துடிப்பதில்லை, தமனி ரத்தம் மட்டுமே நாடியோடு துடிக்கிறது. துடிக்கிற பங்கை மட்டும் பிரித்தெடுத்து இரண்டு ஒளிகளின் விகிதத்தைப் போட்டால் நாம் பார்க்கும் சாச்சுரேஷன் எண் வந்துவிடும்.

✦

இந்த யோசனை ஒரு தொந்தரவிலிருந்து பிறந்தது. ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் டக்குவோ அவோயாகி, 1970களின் தொடக்கத்தில் வேறொன்றை அளக்கப் போராடிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காது மடலில் ஒளியைப் பாய்ச்சி, சாயம் கரைந்து போகும் வேகத்தைக் கொண்டு இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று கணக்கிடுவதே அவர் வேலை. நாடித் துடிப்பு நடுவே புகுந்து வரைபடத்தின் கோட்டை அலைபோல் ஆட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு அலைநீளங்களை வைத்து அந்த ஆட்டத்தை அடக்கப் பார்த்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறும்போதெல்லாம் அந்த அடக்கம் குலைந்தது. தடையாக வந்த துடிப்புக்குள்ளேயே ஆக்சிஜன் அளவு ஒளிந்திருக்கிறது என்று அவருக்குப் பிடிபட்டது அப்போதுதான். 1974இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது.

அவோயாகி 2020 ஏப்ரல் 18 அன்று காலமானார். உலகம் முழுக்க அவருடைய கருவியைத் தேடிக்கொண்டிருந்த மாதம் அது.

✦

சாச்சுரேஷன் 90 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கு தவறு. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் ஆரோக்கியமானவருக்கு 80 முதல் 100 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். சாச்சுரேஷன் 90 காட்டும்போது அது ஏறக்குறைய 60க்கு வந்திருக்கும். அங்கிருந்து கீழே சரிவு செங்குத்து. வால்பாறை மேட்டுச் சமவெளியில் வண்டி ஓட்டிக்கொண்டே வந்து திடீரென்று ஆழியாறு இறக்கத்தில் விழுகிற மாதிரி. 94க்குக் கீழே போனதும் டாக்டர்கள் பரபரப்பானது இதனால்தான்.

மேல் பக்கத்திலும் ஒரு மறைப்பு உண்டு. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருப்பவருக்குக் கரைந்த ஆக்சிஜன் 120 இருந்தாலும் 300 இருந்தாலும் கிளிப் காட்டுவது 99, 100 என்றுதான். நுரையீரல் கெட்டுக்கொண்டே வந்தாலும், அழுத்தம் 300இலிருந்து 120க்கு இறங்கும்வரை விரல் எண் அசையாது.

✦

மூச்சுக்கு இரண்டு வேலை. ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது ஒன்று, கரியமில வாயுவை வெளியே தள்ளுவது இன்னொன்று. விரல் கிளிப்புக்கு இரண்டாவது வேலையைப் பற்றி எதுவுமே தெரியாது.

இந்த இரண்டாவது வேலையைக் கவனிக்காமல் விடுவதன் விலை என்னவென்று உலகம் தெரிந்துகொண்டது 1952இல், டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில். இளம்பிள்ளை வாதம் ஊரையே வாரிச் சுருட்டிய ஆண்டு. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்றே நாட்களுக்குள் இறந்தார்கள். அவர்கள் ரத்தத்தில் பைகார்பனேட் கூடியிருந்தது. ரத்தம் காரத்தன்மை அடைந்துவிட்டது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் இல்லை என்றார். மூச்சு வெளியேறாததால் கரியமில வாயு தேங்கி, ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்பது அவர் வாதம். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயில் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தார். தேங்கிய வாயு இறங்கியது. சிறுமி பிழைத்தாள்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது. அத்தனை நோயாளிகளுக்கு இயந்திரம் இல்லை. சுமார் 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் படுக்கையருகே உட்கார்ந்து, கையாலேயே பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார்கள். உச்ச நாட்களில் ஒரே நேரத்தில் 70 பேருக்கு இப்படிக் கைமூச்சு ஓடியது. இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே வந்தது. இன்றைய ஐசியூ என்ற ஏற்பாடே இங்கிருந்துதான் கிளைத்தது. ஆய்வகத் தலைவர் பால் ஆஸ்ட்ரூப்பும் மற்றவர்களும் ரத்த வாயுக்களை வேகமாக அளக்கும் வழியைத் தேடத் தொடங்கியதும் இந்த நெருக்கடியில்தான்.

✦

'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று கோவைக்குப் பெயர். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையிலிருந்து அந்தக் கதை ஆரம்பிக்கிறது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு ஆலைகள் பெருகின. அசல் மான்செஸ்டரும் நம்ம ஊரும் பகிர்ந்துகொண்ட ஒரு நோய் உண்டு: பைசினோசிஸ், பஞ்சுத் தூசி நுரையீரலைப் பிடிப்பது. வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும்போது நெஞ்சு இறுக்கும் என்பது அதன் அடையாளம். கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களில் அதுவும் ஒன்று.

ஆண்டுக்கணக்கில் பஞ்சுத் தூசியை உள்வாங்கியவர், பீடி புகைத்தவர், விறகடுப்புப் புகையில் வாழ்நாளைக் கழித்த அம்மா, இவர்களின் நுரையீரல் கரியமில வாயுவை முழுமையாக வெளியே தள்ள முடியாமல் பழகிப்போயிருக்கும். மூச்சுத்திணறல் என்று அழைத்து வருவோம். சாச்சுரேஷன் 84. மாஸ்க் வைத்து ஆக்சிஜனைத் திறந்துவிட்டதும் 99க்கு ஏறும். எல்லோருக்கும் நிம்மதி. சற்று நேரத்தில் அவர் கண் அயர்வார். "ராத்திரி பூராத் தூங்கல, இப்பத்தான் நல்லாத் தூங்கறாருங்க" என்று வீட்டார் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அது தூக்கமாக இல்லாமலும் போகலாம். தேவைக்கு மேல் கொடுத்த ஆக்சிஜன், நுரையீரலுக்குள் காற்றுக்கும் ரத்தத்துக்கும் இருந்த பொருத்தத்தைக் கலைத்துவிடும். ரத்தம் கரியமில வாயுவைத் தாங்கும் திறனும் மாறும், மூச்சின் உந்துதலும் கொஞ்சம் தளரும். வாயு ஏறி ஏறி மூளையை மந்தமாக்கும். விரல் எண்ணோ அப்போதும் 99இல் நிற்கும்.

ஆகையால் இப்படிப்பட்டவர்களுக்கு வைக்கும் இலக்கு 88 முதல் 92 வரை. வீட்டுக்காரர்கள் பதறுவது எனக்குப் புரிகிறது, "92 தானே இருக்குது, இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க சிஸ்டர்" என்று கேட்கத்தான் தோன்றும். 2010இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 405 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஆம்புலன்ஸிலேயே ஆக்சிஜனை அளந்து, 88 முதல் 92க்குள் நிறுத்திக் கொடுத்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 4 பேர். வழக்கம்போல் தாராளமாகத் திறந்துவிடப்பட்டவர்களில் நூற்றுக்கு 9 பேர்.

✦

கட்டுவிரியன் கடிக்கும் இதே பாடம் பொருந்தும். இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் இருக்காது. விடிவதற்குள் இமை சொருகும், பேச்சு குழறும், பிறகு மூச்சுத் தசைகள் தளரும். ஆக்சிஜன் மாஸ்க் போட்டு வரும் வழியில் சாச்சுரேஷன் நன்றாகவே இருக்கலாம். மூச்சின் ஆழம் குறைவதைக் காட்டிக்கொடுப்பது ஏறும் கரியமில வாயுதான். இமை சொருகினாலே தாமதிக்காமல் மூச்சுக் கருவி உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள், விரல் எண்ணைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

✦

ஐசியூவில் 'ஏபிஜி' என்பார்கள். மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு எடுக்கும் ரத்தத்தில் அமில அளவு (7.35 முதல் 7.45 வரை இருந்தால் சரி), கரியமில வாயு (35 முதல் 45), ஆக்சிஜன் மூன்றும் தெரியும். இதுவே இன்றைக்கும் இறுதித் தீர்ப்பு. ஆனால் சிரை ஊசியைவிட அதிகமாக வலிக்கும். சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் கணக்கு மாறும். எடுத்த நொடியில் என்ன இருந்தது என்று மட்டும் சொல்லும், அடுத்த அரைமணியில் என்ன ஆனது என்று சொல்லாது.

ரத்தமும் போகிறது. 2002இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், ஐசியூ நோயாளி ஒருவரிடமிருந்து எல்லாப் பரிசோதனைகளுக்குமாக ஒரு நாளில் எடுத்த ரத்தம் சராசரியாக 41 மில்லிலிட்டர். ஒரு வாரம் படுத்திருந்தால் கால் லிட்டருக்கு மேல்.

✦

மனிதத் தோலும் கொஞ்சம் மூச்சு விடுகிறது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஜோசப் கெர்லாக் 1851இலேயே இதை அளந்து பார்த்திருந்தார். தோலின் மேலடுக்கு, கால் மில்லிமீட்டரிலிருந்து 0.4 மில்லிமீட்டர் ஆழம்வரை, தனக்கு வேண்டிய ஆக்சிஜனை ரத்தத்திடம் கேட்காமல் வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்று 2002இல் வந்த ஆய்வு காட்டியது. தவளைக்கு இதில் நம்மைவிடப் பல மடங்கு கெட்டிக்காரத்தனம் உண்டு.

✦

அப்படியென்றால் தோலின் மேல் ஒரு உணரியை ஒட்டி, உள்ளே ஓடும் ரத்தத்தின் வாயுவை அளக்க முடியுமா? சாதாரணமாக முடியாது. குளிர்ந்த தோலின் மேல்பரப்புக்கு வந்துசேரும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட பூஜ்யம்.

வழி திறந்தது சூடு. 1951இல் பாம்பர்கர், குட்ஃபிரெண்ட் என்ற இருவர், 45 டிகிரி சூடான திரவத்தில் விரலை முக்கி வைத்தால், அந்தத் திரவத்தின் ஆக்சிஜன் மெல்ல மெல்லத் தமனி ரத்தத்தின் அளவுக்குப் பக்கத்தில் வருவதைக் கண்டார்கள். சூடு பட்டதும் நுண்குழாய்கள் விரிகின்றன, தமனி ரத்தம் பெருகிப் பாய்கிறது, மேல்தோலின் கொழுப்பு இளகி வாயு கசிய வழிவிடுகிறது. 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ரெனாட்டே ஹூக், ஆல்பெர்ட் ஹூக் தம்பதியும் லூபர்ஸும் சேர்ந்து, தன்னைத்தானே 43, 44 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளும் சிறிய உணரியை உருவாக்கினார்கள். கரூர் பரமத்தியின் அக்னி நட்சத்திர வெயிலை ஒரு ரூபாய் அளவு வட்டத்துக்குள் அடைத்த மாதிரி.

✦

இந்த வகைத் தோல் உணரிகளுக்குப் பின்னால் இருப்பவை இரண்டு பழைய கண்டுபிடிப்புகள். ஆக்சிஜனை அளக்கும் மின்முனை அமெரிக்கரான லேலண்ட் கிளார்க்குடையது, 1950களின் நடுவில் வந்தது. அவரே 1962இல் அதன்மேல் ஒரு நொதியைச் சேர்த்துச் சர்க்கரையை அளந்தார். இன்று நீங்கள் காலையில் விரலைக் குத்திப் பார்க்கும் சுகர் மிஷினுக்கு மூலம் அதுதான்.

கரியமில வாயு மின்முனைக்கு வித்திட்டவர் ரிச்சர்ட் ஸ்டோ. ஒரு கண்ணாடி மின்முனையை ரப்பர் சவ்வால் மூடிப் பார்த்தார். அளவு நிலைகொள்ளவில்லை. ஜான் செவரிங்ஹாஸ் அதில் சோடியம் பைகார்பனேட்டைச் சேர்த்தார், அதாவது நம் சமையலறையின் ஆப்ப சோடா. அளவு நிலைத்தது. 1950களின் கடைசியில் அமில அளவு, கரியமில வாயு, ஆக்சிஜன் மூன்றுக்குமான மின்முனைகளை ஒரே தொட்டியில் பொருத்தி, ரத்த வாயு அளக்கும் முதல் முழுக் கருவியையும் அவரே அமைத்தார். 99 வயதுவரை வாழ்ந்து 2021இல் மறைந்தார்.

✦

முதலில் இந்தத் தோல் உணரி குழந்தைகளுக்குத்தான் பயன்பட்டது. குறைமாதக் குழந்தையின் தோல் மிக மெல்லியது, ரத்தமோ எடுக்க எடுக்கத் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் மிகுந்தாலும் அவர்களுக்கு ஆபத்து, விழித்திரையைக் கெடுக்கும். கோவை அரவிந்த் கண் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பரிசோதிப்பது இந்த ஆபத்துக்காகத்தான்.

பெரியவர்களின் தோல் தடித்தது. ஆக்சிஜன் அளவு தமனியில் இருப்பதைவிடக் குறைவாகவே வெளியே வரும். ஆனால் கரியமில வாயு திசுக்களுக்குள் ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 20 மடங்கு எளிதாக ஊடுருவும். அதனால் பெரியவர்களிடம் இந்த உணரி கரியமில வாயுவைத்தான் நன்றாகப் பிடிக்கிறது. சூடும் குறைவாகப் போதும், 42 டிகிரியைச் சுற்றி. மார்பில், மேல்கையில், சில வகைகள் காது மடலில்.

எவ்வளவு நம்பலாம்? 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னது இது: மொத்தமாகச் சராசரி போட்டால் தமனி அளவுக்கும் தோல் அளவுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் தனித்தனி அளவுகளில் 15 மில்லிமீட்டர் வரைக்கும்கூட மேலே கீழே போகலாம். 40க்கும் 55க்கும் உள்ள தூரம் சின்னதல்ல. எனவே முதலில் ஒரு ஏபிஜி எடுத்துத் தோல் எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டு, அதன்பின் ஏறுகிறதா இறங்குகிறதா என்று போக்கைப் பார்ப்பதே முறை. வென்டிலேட்டர் அமைப்பை மாற்றிய பிறகு, மாஸ்க் வழி மூச்சுக் கொடுக்கும்போது, இரவு முழுக்க என்ன நடக்கிறது என்று அறிய, இதன் உதவி பெரிது.

✦

இந்தப் பகுதிக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1981இல் வந்த ஒரு கட்டுரை.

பெரியவர்களின் ஐசியூவில் தோல் வழி ஆக்சிஜனை அளந்தவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. சிலரிடம் தமனி எண்ணும் தோல் எண்ணும் ஒத்துப்போயின. சிலரிடம் தமனியில் ஆக்சிஜன் ஏராளமாக இருந்தும் தோல் எண் பாதாளத்தில் கிடந்தது. கருவி சரியில்லை என்று அதை ஓரம் கட்டியிருப்பார்கள். அமெரிக்க மருத்துவர்கள் கெவின் ட்ரெம்பரும் வில்லியம் ஷூமேக்கரும் 106 நோயாளிகளின் அளவுகளை எடுத்துவைத்து, தோல் எண்ணைத் தமனி எண்ணால் வகுத்துப் பார்த்தார்கள். ரத்த ஓட்டம் சீராக இருந்தவர்களுக்கு விடை சராசரியாக 0.8ஐ ஒட்டி வந்தது. மிதமான ஷாக்கில், அதாவது ரத்த ஓட்டம் சரிந்த நிலையில், இருந்தவர்களுக்கு 0.5ஐ ஒட்டி. கடுமையான ஷாக்கில் 0.1ஐ ஒட்டி.

ரத்த ஓட்டம் குறையும்போது உடம்பு முதலில் தோலுக்குப் போகும் வாய்க்காலைத்தான் அடைக்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் தண்ணீர் வேண்டும், கடைமடை வயல் காயட்டும் என்கிற கணக்கு. கீழ்பவானிப் பாசனத்தில் கடைமடை விவசாயிக்கு இது விளக்காமலே புரியும். கடைசி மடையில் தண்ணீர் வரவில்லை என்றால் மேலே ஏதோ கோளாறு. ரத்த அழுத்தம் இன்னும் இறங்காமல் இருக்கும்போதே தோல் அந்தச் செய்தியைச் சொல்லிவிடலாம்.

✦

"கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சுங்க" என்று நம் பாட்டிமார் பதறுவார்களே, அதையும் மருத்துவம் அளந்து பார்த்திருக்கிறது. 1969இல் ஜோலி, வெய்ல் என்ற இருவர், ஷாக் நோயாளிகளின் கால் பெருவிரல் வெப்பநிலை நோயின் கடுமையைக் காட்டுவதாக எழுதினார்கள்.

அதைவிட எளியது ஒன்று. விரல் நுனியை அழுத்திப் பிடித்து விட்டால் வெளுத்த இடம் எத்தனை நொடியில் சிவக்கிறது என்று பார்ப்பது. மூன்று நொடிக்கு மேல் போனால் ரத்த ஓட்டம் சரியில்லை என்று கொள்கிறார்கள். தென் அமெரிக்காவின் ஐசியூக்களில், கிருமித்தொற்றால் ஷாக்கில் விழுந்த 424 பேரிடம் நடந்த ஆண்ட்ரோமெடா-ஷாக் என்ற ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு ரத்தத்தில் லாக்டேட் அளவை அடிக்கடி பார்த்துச் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு இந்த விரல் அழுத்தச் சோதனையைப் பார்த்துச் சிகிச்சை. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் லாக்டேட் பிரிவில் 43.4 சதவீதம், விரல் பிரிவில் 34.9 சதவீதம். இந்த வித்தியாசம் புள்ளியியலின் கறாரான கோட்டை மயிரிழையில் தாண்டவில்லை. ஆனால் தாலுகா ஆஸ்பத்திரியில்கூட ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை, ஆய்வகத்துக்கு நிகராக நின்றிருக்கிறது.

✦

விரல் கிளிப் எல்லாத் தோலையும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிளிப்பில் 92 முதல் 96 வரை காட்டியவர்களின் தமனி ரத்தத்தையும் பார்த்தார்கள். உண்மையில் 88க்குக் கீழே கிடந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். தோலின் நிறமி ஒளியை விழுங்கிக் கணக்கை உயர்த்திவிடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பழைய நெறிமுறைப்படி ஒரு கருவியைப் பத்துப் பேரிடம் சோதித்தாலே போதும், அவர்களில் இரண்டு பேர் கருநிறத்தவராக இருந்தால் சரி. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் அந்த எண்ணிக்கையை 150க்கு உயர்த்தச் சொன்னார்கள்.

வெயிலில் வேலை செய்து கறுத்த கைகள் நம்முடையவை. இந்த வேறுபாடு நமக்குத்தான் அதிகம் தேவைப்படும் செய்தி. கரியமில வாயுவை அளக்கும் தோல் உணரிக்கு இந்தக் குறை இல்லை. அது ஒளியை நம்பியதல்ல, கசிந்து வரும் வாயுவை அளப்பது. வாயுவுக்கு நிறம் தெரியாது.

✦

கையில் மருதாணி இருந்தால்? சிவந்த மருதாணி பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. கறுப்பு மருதாணி கிளிப்பை அளவே எடுக்கவிடாமல் செய்யலாம். அடர்நிற நகப்பூச்சை அழித்துவிடுங்கள். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிய பிறகு மாட்டுங்கள்.

✦

மூடிய அறையில் கரியடுப்பு அல்லது ஜெனரேட்டர் புகையில் மயங்கி விழுந்தவருக்கு விரல் கிளிப் 98 காட்டினால் நம்பவே நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் அதன் கண்ணுக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தம் போலவே தெரியும்.

✦

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறும்போது விரலில் கிளிப் மாட்டிப் பார்த்துவிட்டு, 46 கிலோமீட்டர் கடந்து ஊட்டியில் மறுபடி பாருங்கள். ஓரிரண்டு புள்ளி, சிலருக்கு மூன்று நான்குகூடக் குறைந்திருக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அதே 21தான், அதைத் தள்ளும் அழுத்தம்தான் குறைகிறது. நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த நான்கு புள்ளி பெரிய விஷயம். முன்பெல்லாம் கடுமையான நோயாளிகளை மலையிறக்கிக் கோவைக்குத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது.

✦

சர்க்கரை நோயாளியின் கால் புண் ஆறுமா ஆறாதா என்று பார்க்கவும் ஆக்சிஜனை அளக்கும் தோல் உணரியைப் பாதத்தில் ஒட்டுகிறார்கள். புண்ணைச் சுற்றி ஆக்சிஜன் 30 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஆறுவது கடினம். ரத்தக்குழாயைச் சரிசெய்ய வேண்டுமா, எந்த மட்டத்தில் அறுவை செய்வது என்று முடிவெடுக்க இது உதவுகிறது.

✦

உறுப்பு தானத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 2008இல் இங்கே முறையான திட்டம் தொடங்கியது. தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதல்வர் அறிவித்தார். அந்தக் கொடைக்கு முன்னால் மூளைச்சாவு உறுதியாக வேண்டும். 1994 சட்டப்படி, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கிறார்கள். அதில் மிக முக்கியமானது மூச்சுச் சோதனை. ஆக்சிஜன் குறையாமல் பார்த்துக்கொண்டு வென்டிலேட்டரை நிறுத்துவார்கள். கரியமில வாயு 60 மில்லிமீட்டரைத் தாண்டியும் தானாக ஒரு மூச்சுக்கூட வரவில்லை என்றால்தான் அடுத்த கட்டம். நிமிடத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வீதம் வாயு ஏறும். தோல் உணரி இருந்தால் அந்த ஏற்றத்தைக் கண்முன் பார்த்து, எட்டியபிறகு தமனி ரத்தத்தை எடுக்கலாம். சான்றிதழில் ஏறுவது தமனி எண்தான். ஆனால் ஒரு குடும்பம் வெளியே காத்திருக்கும்போது, அவசரப்பட்டு எடுத்துவிட்டுச் சோதனையை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் நிலை வராமல் இது காக்கும்.

✦

ஐசியூவில் பார்வை நேரத்தில் உள்ளே போனவர்கள், நோயாளியின் மார்பில் ஒரு ரூபாய் அளவுச் சிவப்பு வட்டங்களைக் கண்டு திடுக்கிடுவது உண்டு. சுட்டுவிட்டார்களோ என்று தோன்றும். சூடான உணரி ஒரே இடத்தில் அதிக நேரம் இருந்தால் தோல் கொப்புளிக்கும் என்பதால், சிஸ்டர்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி, இடம் மாற்றி ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயு உருளையில் வைத்துக் கருவியைச் சரிபார்த்து, ஒரு சொட்டுத் திரவம் விட்டு, வளையத்தை அழுத்திப் பொருத்தி, எண் நிலைகொள்ளச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கும் அந்த வேலை நடக்கும். முன்பிருந்த இடத்தில் விரிந்த நுண்குழாய்கள் சுருங்கச் சுருங்க அந்தச் சிவப்பு வெளிறி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும்.